ஸ்டியரிங்கில் ஒரு தகரம்

என் மச்சினன் கார் வாங்கியதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போயிற்று என்று சொன்னால் அது முழுப் பொய். தூக்கம் அதற்கு முன்பே போய்விட்டது. மிச்சம் மீதி இருந்ததையும் அவன் கார் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிப்போவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தேன். லீவே இல்லாமல் பத்தொன்பதாவது நாள். பஸ் டிப்போவில் நான் ஃபிட்டர், இருபத்தாறு வருடமாக. எங்கள் பகுதியில் ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் இருக்கிறோம். மற்ற மூன்று பேருடைய வேலை எங்கே போகும்? எங்கள் முதுகில்தான் ஏறும்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். தண்ணீர் வைத்துவிட்டு நிற்கிறாள் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இது தெரிவதற்கு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை, இரண்டு மாதம் போதும்.

"தம்பி போன் பண்ணான்."

"பண்ணட்டும்."

"சைலன்சர் கழண்டு தரையில இழுக்குதாம். மெக்கானிக் வியாழக்கிழமைதான் வருவாராம். இவனே ஜாக்கி போட்டுத் தூக்கிக் கட்டிக்கிறேங்கிறான்."

"கட்டிக்கட்டும்."

"அடியில போவானாம்ங்க."

அவளுக்கு அவன் தம்பி என்பது பேச்சுக்குத்தான். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பன்னிரண்டு. குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது இவள். கல்யாணத்தன்று எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் கண் மட்டும் கூட்டத்தில் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அவனுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். இன்னமும் மழை பெய்தால் இவள் ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் அவனுக்குப் போன் செய்து, "ஜன்னல் சாத்தினியா" என்று கேட்பாள்.

"நீங்க பக்கத்துல நின்னா போதும்," என்றாள். "நீங்க நிக்கிறீங்கன்னா எனக்குப் பயமே இல்ல."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். காரணம் அவளுக்குத் தெரியாது. அவளிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஃபிட்டருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு தகரம். அதில் அவன் எண் அடித்திருக்கும். என்னுடையது பத்தொன்பது. வண்டிக்கு அடியில் போகிறவன் தன் தகரத்தை ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டுத்தான் போவான். வெளியே வந்ததும் அவனேதான் எடுப்பான். வேறு யாரும் தொடக்கூடாது, ஃபோர்மேனே ஆனாலும். தகரம் தொங்குகிற வண்டியை நகர்த்தக்கூடாது, இறக்கக்கூடாது, ஹாரன்கூட அடிக்கக்கூடாது. இதைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான்.

பதினோரு நாளைக்கு முன்னால் அந்தத் தகரத்தை நான் எடுத்தேன். நெட்டையுடைய தகரம். அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். நல்ல உயரம் என்பதால் டிப்போவே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். அவன் வெளியே வந்ததைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. பார்த்தது முந்தின வண்டியில் என்று பிறகுதான் புரிந்தது. தகரத்தைக் கழற்றி டாஷ்போர்டில் போட்டேன், பஸ்ஸைத் தாங்கி நின்ற ஸ்டாண்டை உருவினேன், ஜாக்கியைத் திறந்துவிட்டேன். பஸ் இறங்க ஆரம்பித்ததும் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உடனே ஜாக்கியை மூடினேன். அவனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது.

நெட்டை தோளில் சிராய்ப்போடு ஊர்ந்து வெளியே வந்தான். சத்தம் கேட்டு ஃபோர்மேன் ஓடிவந்து, "தகரத்தை எவன் எடுத்தது?" என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. நெட்டைதான் சொன்னான், "நானே கழட்டிட்டேன் சார், இன்னும் ஒரு போல்ட் இருக்கறது ஞாபகம் வந்து மறுபடி உள்ள போயிட்டேன்" என்று. அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். பஸ் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். போகிற போக்கில் என்னிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "வீட்டுக்குப் போய்த் தூங்குங்கண்ணே."

தூங்கினேனா? கண்ணை மூடினால் அந்த ஒரு சாண்தான் தெரிந்தது. தினமும் காலையில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும் நெட்டையைத் தாண்டித்தான் உள்ளே போவேன். அவன் தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பதினோரு நாள் ஓடிவிட்டது. சொன்னால் என்னை வண்டிப் பக்கமே விடமாட்டார்கள். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

இந்தக் கையை நம்பித்தான் என் மனைவி தன் தம்பியை அனுப்புகிறாள்.

"சரி, போறேன்," என்றேன். வீட்டில் வைத்திருந்த இரண்டு ஸ்டாண்டையும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற இரண்டு கட்டையையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வெயில். அந்த இரண்டு தெருவும் இருபது தெரு மாதிரி இருந்தது.

மச்சினனைக் குடும்பத்தில் பல்லு என்போம். பல் செட் செய்கிற லேபில் வேலை. நாள் முழுக்க யாருடைய வாயிலோ உட்காரப்போகிற பல்லை எடுத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்ப்பான். எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் செய்யமாட்டான். கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்குவதற்குக்கூடச் சீட்டு. அப்படிப்பட்டவன் வாங்கிய வண்டியைப் பார்க்க வேண்டுமே. சிவப்பு நிறம். எத்தனையோ கை மாறி வந்தது. உட்கார இரண்டே சீட்டு, நாய் படுத்த உயரம். அதற்குள் போகிறவன் உட்காருவதில்லை, விழுகிறான். வெளியே வருவதற்கு ஆள் வேண்டும். அதற்கும் தரைக்கும் நடுவே என் செருப்பு நுழையாது. ஸ்பீடு பிரேக்கர் அதன் சைலன்சரைப் பிடித்து இழுக்காமல் என்ன செய்யும்?

"வாங்க மாமா," என்றான் பல்லு, போர்ட்டிகோவில் பாய் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு. "டீ போடட்டா?"

"ஒண்ணும் வேணாம். வந்த வேலையப் பாப்போம். பிரியாணி... அதெல்லாம் கெடக்கட்டும், பலகை எங்க?"

தூக்கக் கலக்கத்தில் நான் என்ன உளறினேன் என்பது அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவன் என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தான்.

போர்ட்டிகோ தரை சிமெண்ட்தான், கெட்டி. ஆனால் தண்ணீர் ஓடுவதற்காகக் கேட் பக்கம் இரண்டு விரல் சரிவு வைத்திருந்தார்கள். வண்டி சுவர்ப் பக்கம் பின்புறத்தைக் காட்டி, கேட்டைப் பார்த்து நின்றது. வேறு இடத்துக்கு ஓட்டிப் போகவும் வழியில்லை. சரிவுக்குத்தான் கட்டை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த மாதிரித் தாழ்வான வண்டிக்கு ஜாக்கியை அப்படியே தள்ளினால் நுழையாது. முதலில் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்ற வேண்டும். இரண்டு பின் சக்கரத்துக்கும் பின்னால் ஒவ்வொரு பலகையாகப் போட்டு, பல்லுவை ரிவர்ஸில் மெல்ல ஏறச் சொன்னேன். ஏறினான். சைலன்சர் தரையில் உரசி ஒரு கத்து கத்தியது. மூன்று விரல் உயரம் கிடைத்தது.

"ஹேண்ட் பிரேக் போடு. கியர்ல விடு. சாவிய எடு."

போட்டான், விட்டான், எடுத்தான். நான் பையைத் திறந்து ஸ்டாண்டை வெளியே எடுத்தேன். கட்டையை எடுக்கக் கையை விட்டபோது போன் அடித்தது. மனைவி.

"போயிட்டீங்களா?"

"போயிட்டேன்."

"அடியில போயிட்டானா?"

"இன்னும் தூக்கவே இல்லடி."

"அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க."

கேட்டேன். சாப்பிட்டானாம். சொன்னேன். வைத்தாள். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனேன்.

ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடத்திலேயே ஜாக்கியையும் வைத்தால் இரண்டுக்கும் சண்டை. அதனால் ஜாக்கியை நடுவில், பின்பக்கத்து இரும்புச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தேன். பதினைந்து அமுக்கு அமுக்கினேன். சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பியது. இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே கெட்டியான தகடு இருக்கிற இடமாகத் தடவிப் பார்த்து ஸ்டாண்டை நிறுத்தினேன். ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். பின்பக்கத்தை இடுப்பால் லேசாக ஒரு இடி இடித்தேன். அசையவில்லை. அழகான வேலை. அந்த அரை மணி நேரத்தில் நெட்டையை நான் நினைக்கவே இல்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"போடா உள்ள," என்றேன். என் வயிறு அந்தச் சந்தில் நுழையாது. போகிறவன் அவன்தான்.

பல்லு முதலில் லேப் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, ஸ்டியரிங்கில் மாட்டினான்.

"என்னடா இது?"

"என்கிட்ட தகரம் இல்லையே மாமா."

எங்கள் டிப்போ வழக்கத்தை என்றோ ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியிருப்பேன். அவன் மறக்கவில்லை. எனக்கு அந்த அட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாயை விரித்தான். அதன்மேல் உட்கார்ந்தான். படுக்கப் போனவன் நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தான்.

"அது என்ன?"

"வெள்ளிக்கிழமை போன்ல நீங்க சொன்னீங்கல்ல. எழுதிக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் படுக்கையில் கிடந்தபோது அவன் போன் செய்து, வண்டியைத் தூக்குவது எப்படி என்று கேட்டான். கண்ணைத் திறக்காமலே திட்டித் திட்டிச் சொன்னேன். அவன் காதில் வாங்கியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. "நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், உனக்குக் காகிதம் எதுக்குடா? இருபத்தாறு வருஷமா பஸ்ஸையே தூக்குறவன் நான். இந்தத் தீப்பெட்டியத் தூக்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியும் மாமா. ஆனா கடைசி வரியா நீங்கதான் சொன்னீங்க." விரலை வைத்துப் படித்தான். "'அடியில போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை படி. பக்கத்துல எவன் நின்னாலும் படி. நானே வந்து நின்னாலும் படி.'"

"படிச்சுத் தொலை," என்றேன்.

"ஒண்ணு. 'கெட்டியான தரையா பாரு. உன் போர்ட்டிகோ கேட் பக்கம் சரிவு, அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.'" பல்லு சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி வாசித்தான். "ரெண்டு. 'பலகை மேல ஏத்து. அவசரப்பட்டு பம்பரைப் பேத்துடாத.' ஏத்தியாச்சு. மூணு. 'முன் சக்கரத்துக்குக் கட்டை. ஹேண்ட் பிரேக் இருக்குன்னு இளிக்காத. உன் வண்டியில அதுவும் சரி, கியரும் சரி, பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்னாடியத் தூக்கிட்டா, அந்தரத்துல இருக்கிற சக்கரத்தைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்? முன்னாடி ரெண்டும் சும்மா உருளும். நீ அடியில இருந்து ஸ்பானரை ஒரு இழு இழுத்தா போதும், வண்டி ஸ்டாண்டை விட்டு எறங்கி உன் மேல உக்காரும். இதை மறந்தா உங்க அக்கா முகத்துல நான் முழிக்க முடியாது.'"

அவன் நிமிர்ந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கட்டை வைக்கலையே மாமா."

நான் திரும்பிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே வெறும் தரை இருந்தது. இரண்டு கட்டையும் பைக்குள் இருந்தன. பை போர்ட்டிகோ நாற்காலியில் இருந்தது. வைத்தேன் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். குனிந்து வைத்தது, காலால் தட்டி இறுக்கியது, எல்லாம் என் மனதில் இருந்தது. அது டிப்போவில் ஆயிரம் தடவை வைத்ததில் ஏதோ ஒன்றின் ஞாபகம்.

"எழுந்திரு," என்றேன். "எழுந்திருச்சு சுவர்ப் பக்கமா போய் நில்லுடா."

அவன் எழுந்து போனான். நான் பையிலிருந்து கட்டையை எடுத்து, பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, முன் சக்கரத்துக்குக் கொடுத்தேன். இரண்டாவது கட்டை இரண்டு தடவை நழுவியது. பிறகு ஜாக்கியை ஏற்றி, ஸ்டாண்டை உருவுவதற்கு முன்னால் குனிந்து பார்த்தேன். அடியில் யாரும் இல்லை. சுவரோரம் நிற்பவனைப் பார்த்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். அப்புறம்தான் உருவினேன், இறக்கினேன்.

"மாமா, இப்பத்தான் கட்டை வச்சாச்சே. இனிமே போலாமே?"

"இன்னைக்கு யாரும் போக வேண்டாம். நான் நிக்கிற வண்டிக்கு அடியில யாரும் போகக் கூடாது."

அவனுக்குப் புரியவில்லை. காரின் கதவு திறந்திருந்தது. அதன் சீட்டில் விழுந்தேன். முழங்கால் முகத்துக்கு நேராக வந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நெட்டை, தகரம், ஒரு சாண், மெமோ, ரப்பர் பூட்ஸ். மனைவியிடம் சொல்லாததை அவள் தம்பியிடம் சொன்னேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். பல்லு கதவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு இன்னும் பஸ் கழுவிட்டா இருக்காரு?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமா."

போனை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நிதானமாக எடுத்தார்.

"சார், அன்னைக்கு நெட்டையோட தகரத்தை எடுத்தது நான்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"பதினோரு நாள் கழிச்சுச் சொல்றியா?"

"ஆமா சார்."

"இப்ப மட்டும் என்ன?"

"இன்னைக்கு இன்னொருத்தனையும் அனுப்பப் பாத்தேன் சார். என் மச்சினனை."

அவர் சொன்னார், "நாளைக்கு வராத. நாளை மறுநாள் வந்து எழுதிக் குடு. நெட்டைகிட்ட நான் பேசுறேன்."

"அவன்கிட்ட நான் பேசுறேன் சார். அதையாவது நான் பண்றேன்."

"சரி. உன்ன வண்டிப் பக்கம் விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் சார்."

"போய்த் தூங்கு."

போனை வைத்த பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த வண்டியிலிருந்து தானாக எழுந்தவன் எவன்? கைகொடுக்க வந்த பல்லுவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சாய்ந்துகொண்டேன். சட்டைப்பையில் ஏதோ குத்தியது. எடுத்தால் என் தகரம். பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை, மச்சினன் வீட்டுக்கு, அதை எதற்காகக் கொண்டுவந்தேனோ.

பல்லு அதை என் கையிலிருந்து வாங்கினான். ஸ்டியரிங்கில் தொங்கிய தன் அட்டையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். என் தகரத்தை அங்கே மாட்டினான். கதவை ஓசைப்படாமல் சாத்தினான்.

கண் மூடியது. அந்த ஒரு சாண் தெரியவில்லை. எங்கேயோ போன் அடித்தது, பல்லு தணிந்த குரலில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா, நான் போகல. சைலன்சர் வியாழக்கிழமை பாத்துக்கலாம். மாமா வண்டிக்குள்ள தூங்குறாரு. இல்ல, எழுப்ப முடியாது. தகரம் மாட்டியிருக்கு. அவரா எடுத்தாத்தான் உண்டு."